கண்டக்டர் போட்ட சத்தம்

"மாமா, நாலாவது அத்தியாயம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மருமகள் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள்.

வழக்கமாக இந்த இடத்தில் மாமனார், "அப்பாடா, எறங்கிக்கலாமா?" என்று கேட்பார். வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் கண்டக்டராகவே இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பேசினாலும் பஸ்ஸில் கொண்டுபோய் விடாமல் இருக்க மாட்டார். இன்று ஒன்றும் சொல்லவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போர்வை தோள் வரைக்கும் இருந்தது.

தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு கடைசிப் பத்தியை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். நன்றாகவே வந்திருந்தது. அவள் ஆய்வேடு எழுத ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததில்லை. நடுவில் ஒரு இருமல் கிடையாது, ஒரு கிண்டல் கிடையாது, "தண்ணி குடு" கிடையாது. இந்த மனிதருக்கு இன்றைக்கு ஏதாவது இனிப்பாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டாள். தோள் சில்லிட்டிருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அழுகை வருவதற்கு முன்னால் பாழாய்ப்போன பழக்கம் வந்து நின்றது. கை தானாகவே மடிக்கணினியை மூடி மெத்தைக்கு அடியில் தள்ளியது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியது. அலமாரியிலிருந்த தைலப் பாட்டிலை எடுத்துத் திறந்தது. திறந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்காக இதைச் செய்கிறோம் என்று ஒரு கணம் விழித்தாள். பிறகுதான் கதவைத் திறந்து, "அத்தை!" என்று கத்தினாள்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். கண்ணைப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்தார், விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"தூக்கத்துலயே போயிருக்காரு. கஷ்டப்படல. போயி ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

அதைக் கேட்டதும் அறையில் இருந்த எல்லாரும் மருமகளைப் பார்த்தார்கள். மாமியார் பார்த்தாள். லிப்ட் மெக்கானிக்கான கணவன், வேலைச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஓடி வந்திருந்தவன், அவனும் பார்த்தான். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் நாத்தனாரும் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு பார்த்தாள்.

"நீ உள்ளதானே இருந்தே?" என்றாள் மாமியார். "அவரு சத்தம் போட்டுக் கூப்பிட்டாரே. கை கால் பயிற்சி குடுக்கத்தானே போனே?"

"தூங்கறாருன்னு நெனச்சேன் அத்தை."

"அவளைப் போயி ஏம்மா குடையறே?" என்று நாத்தனார் குறுக்கே பாய்ந்தாள். "ஆபீஸ்லயும் உழைச்சு, இங்க வந்து அப்பா கை காலையும் பிடிச்சு, அசந்து தூங்கியிருப்பா. அவளும் மனுஷிதானே?"

சரியான பொய் ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டியதுபோல இருந்தது. மருமகள் அதை எடுத்துக்கொண்டாள். தலையைக் குனிந்தாள், அவ்வளவுதான். மற்றதை அவர்களே பூர்த்தி செய்துகொண்டார்கள்.

உண்மை என்னவென்றால், அந்த அறையில் கை கால் பயிற்சி என்பது கால் மணி நேர விஷயம். மற்ற நேரமெல்லாம் அங்கே நடந்தது முதுகலைப் படிப்பு.

மருமகள் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் மத்தியானம் வரை வேலை பார்ப்பவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முகம் நிறையச் சிரிப்போடு சேருகிறவர்களையும், இரண்டு பருவம் கழித்து அதே ஜன்னலில் சான்றிதழைத் திருப்பி வாங்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்துப் பார்த்து, ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளத் தானே ஒரு முதுகலைக்குச் சேர்ந்தாள். மேற்படிப்பைத் தொடர எது உதவுகிறது, எது தடுக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. படிப்பை விட்டவர்களையும் விடாதவர்களையும் தேடிப்போய்ப் பேசினாள். குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு வாளி மேல் உட்கார்ந்து படித்ததாக ஒருத்தி சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் நாலு நிறுத்தம் தாண்டி இறங்கி, திரும்பி வரும் பஸ்ஸில் படித்ததாக இன்னொருவன் சொன்னான். படிக்க வேண்டாம் என்று யார் வீட்டிலும் சொல்லவில்லை. படி, படி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். படிக்க உட்காருகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

அவள் வீடும் அப்படித்தான். "படியேன், யாரு வேண்டாம்னா?" என்பது கணவனின் வாடிக்கையான வசனம். மாமியாரும் கெட்டவள் இல்லை. வேலையெல்லாம் முடித்துவிட்டுப் படி என்பாள். அந்த வீட்டில் வேலை எப்போது முடிந்தது?

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் இழுத்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த நேரத்தில் கூட இருந்தவள் மருமகள். அதனால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. படிப்பு அவ்வளவுதான் என்று அவளும் முடிவுகட்டிவிட்டாள். ஒருநாள் பயிற்சியை முடித்ததும் அவர் கண்ணை மூட, அந்தச் சந்தில் இரண்டு பக்கம் படித்துவிடலாம் என்று தாள்களை எடுத்தாள். உடனே சமையலறையிலிருந்து குரல் வந்தது. வெங்காயம் நறுக்க வேண்டும். அவள் எழுந்திருக்கப் போனபோது, தூங்குவதாக நினைத்த ஆசாமி அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்.

"ஐயோ! கால் இழுக்குதே! விடாதே, பிடிச்சுக்கோ மருமகளே!"

பதறிப்போய்க் காலைப் பிடித்தாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து சிமிட்டினார்.

"படி" என்றார் தாழ்ந்த குரலில். "வெங்காயம் எங்கயும் ஓடிடாது."

அன்றைக்கு ஆரம்பித்தது. மத்தியானம் அவள் ஆபீஸிலிருந்து வந்து சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப். நெரிசலில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டுப் பழகிய குரல் அது. அவர் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்காரர்களே "போம்மா, மாமனார் கூப்பிடறாரு" என்பார்கள். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், வலியில் முகம் கோணுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று அவரே சட்டம் போட்டார். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே "ஆ! மெதுவா!" என்று ஒரு முனகல். ஒருமுறை அவள் தலைப்பு ஒன்றில் மூழ்கியிருந்த நேரத்தில் அந்த முனகல் நிஜம்போல இருக்க, தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். "டெஸ்டிங்" என்றார் அவர்.

"உன் ஆராய்ச்சில என்னை எந்தப் பக்கம் போட்டிருக்கே?" என்று ஒருநாள் கேட்டார்.

"வீட்டில் முதியோர், நோயாளிகள். தடைன்னு போட்டிருக்கு மாமா."

"அடிப்பாவி."

"நான் என்ன செய்யட்டும்? பேசினவங்க எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

அவர் கட்டில் அதிரச் சிரித்தார். பிறகு, வெளியே கேட்டுவிடுமே என்று அந்தச் சிரிப்பையே ஒரு முனகலாக மாற்றி முடித்தார். அவருக்கு அந்த ஆராய்ச்சியில் ஒரு வரியும் பிடிபடவில்லை, பிடிபட வேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஆனால் நோயில் விழுந்த பிறகு அவரிடம் யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. இது ஒரு டூட்டி. தினமும் சவரம் செய்துகொண்டு அதற்குத் தயாராக இருந்தார். அந்த அறையில் அவர்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். வேறு எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு விஷயம் மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது. அது மாமியார் விஷயம்.

ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம், மருமகளுக்குக் காய்ச்சல் என்று மாமியார் தானே அவருக்குப் பயிற்சி கொடுக்கப் போனாள். இவளுக்கே இந்த வேலை பழகிவிட்டால் டிரிப் கெட்டுவிடுமே என்று பயந்து, மனைவி கையைத் தொட்ட மாத்திரத்தில் அவர் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறிவிட்டார். மாமியார் கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதன் பிறகு அவள் அவருக்குச் சோறு ஊட்டுவாள், துணி மாற்றுவாள், கையைக் காலைப் பிடித்துவிட மட்டும் கிட்டே போக மாட்டாள். மூடிய கதவுக்கு வெளியே, அவர் முனகுகிற நேரத்தில் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே துலக்குவாள்.

"அத்தைகிட்ட சொல்லிடலாம் மாமா" என்று மருமகள் பல தடவை கேட்டிருக்கிறாள்.

"நீ புஸ்தகத்தை முடி. முடிச்ச அன்னிக்கு நானே சொல்றேன். என்னை நல்லாத் திட்டுவா. அவகிட்ட திட்டு வாங்கி ரொம்ப நாளாச்சு" என்பார்.

இப்போது திட்டு வாங்க அவர் இல்லை.

இறுதிக் காரியங்கள் முடிந்த மறுநாள் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு மாமனாரைப் பற்றி நல்லதாகப் பேசினார்கள். நல்லது தீர்ந்ததும் மருமகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"நல்ல மனுஷன்தான். ஆனா கடைசில இந்தப் பொண்ணைப் படுத்தி எடுத்துட்டாரு" என்றார் அடுத்த வீட்டுக்காரர். "நாங்க கேப்போமே. ஒரு நாள் விட்டது கிடையாது."

"நோய் வந்தா குணமே மாறிடுது" என்றார் அவரோடு வேலை பார்த்த டிரைவர். "எங்க டிப்போலயே அவரு மாதிரி பொறுமைசாலி கிடையாது. ஒரு பல்வலிக்குக்கூட லீவு போடாத ஆளு."

மருமகள் டீ டம்ளர்களை நீட்டிக்கொண்டே போனாள். "நீ கோவில் கட்டிக் கும்பிட வேண்டிய பொண்ணும்மா" என்று யாரோ ஒருத்தி அவள் கன்னத்தை வழித்தாள். மருமகளுக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மனிதர் பொறுமைசாலிதான், கடைசி வரைக்கும் பொறுமைசாலிதான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவர் பெயரைக் கெடுத்துத் தான் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருப்பது வெட்கமாகவும் இருந்தது. ஆனால் மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டு வாங்கியாயிற்று. இனிமேல் தள்ளினால் பதிவே ரத்தாகிவிடும் என்று கைடு மேடம் சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் மாமியாரிடம் போய், உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தோம் என்றால் படிப்புக்கே உலை வைத்த மாதிரி ஆகும். மிச்சம் இருப்பது ஒரே அத்தியாயம். கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் மாமனார் மாதிரியே கணக்குப் போட்டாள்.

"இனிமேலாவது நீ நிம்மதியாப் படி" என்று சமையலறையில் நாத்தனார் அவள் முதுகைத் தடவினாள். "அப்பாவாலதான் உன் படிப்பு இழுத்துக்கிட்டே போச்சு. நான் சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன்."

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி."

"உனக்குப் பெரிய மனசு."

இந்தப் பெரிய மனசைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்? காலி டம்ளர்களோடு கூடத்தைக் கடந்தபோது, மாமனாரின் அறைக்குள் மாமியார் மகளிடம் பேசுவது கேட்டது. நாத்தனார் அதற்குள் அங்கே போயிருந்தாள்.

"நாப்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்துட்டு, கடைசில நான் தொட்டா அவருக்கு ஆகலைடி. அலறினாரு. என் கை அவ்வளவு முரடா? பாத்திரம் தேச்சுத் தேச்சு இப்படி ஆயிடுச்சுபோல."

நாத்தனார் என்ன சமாதானம் சொன்னாளோ, மருமகள் காதில் விழவில்லை. டம்ளர்களை அங்கேயே தரையில் வைத்தாள். போட்ட கணக்கெல்லாம் அத்தோடு போயிற்று. நாத்தனாரை யாரோ வாசலில் கூப்பிட, அவள் வெளியே வந்ததும் மருமகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாமியார் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவரு உங்களை வேண்டாம்னு சொல்லல" என்றாள் மருமகள். "அது நடிப்பு. உங்க கை பட்டு அவருக்கு வலிக்கவே இல்ல. எனக்குப் படிக்க நேரம் வேணும்னுதான் அவரு அப்படிப் பண்ணாரு."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கண் சிமிட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். மெத்தைக்கு அடியிலிருந்து மடிக்கணினியை இழுத்துக் காட்டினாள். அன்றைக்கு அவர் போனதே தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

மாமியார் மடிக்கணினியையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ பயிற்சி?"

"அது தினமும் குடுத்தேன் அத்தை. சத்தியமா. அதுக்கப்புறம்தான் படிப்பு."

"முனகல்?"

"பொய்."

"தைலம்? மாசம் ரெண்டு பாட்டில் வாங்கினேனே?"

மருமகள் மூக்கை உறிஞ்சினாள். "ஜன்னல் கம்பில தடவுவோம். கதவைத் தெறந்தா உங்களுக்கு வாசம் வரணுமேன்னு."

மாமியார் ஜன்னலைப் பார்த்தாள். எழுந்து போய்க் கம்பியைத் தொட்டு மோந்து பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று மருமகள் பயந்து கிட்டே போனாள். அழவும்தான் செய்தாள், ஆனால் வாயிலிருந்து வந்தது சிரிப்பு.

"வெக்கங்கெட்ட மனுஷன்" என்றாள். "கம்பி துருப்பிடிக்கல, பாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். சிரிப்பு போயிருந்தது. "அந்த நேரமெல்லாம் நான் தனியா நின்னு பாத்திரம் வெளக்கினேன். நெஞ்சுக்குள்ள அழுதுக்கிட்டே வெளக்கினேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும் அத்தை."

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே. படிக்க நேரம் வேணும்னு வாயைத் தெறந்து கேட்டிருந்தா, நான் என்ன விடாமலா இருந்திருப்பேன்?"

"விட்டிருப்பீங்களா அத்தை?"

மாமியார் பொய் சொல்லத் தெரியாதவள். அந்த வீட்டில் அந்தக் கலை அவள் புருஷனோடு போயிற்று.

"மாட்டேன்தான்" என்றாள்.

வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ டீ கேட்டார்கள். நாத்தனார் கூடத்திலிருந்து மருமகளைக் கூப்பிட்டாள். மாமியார் கதவை ஒரு கை அளவு திறந்து, "அவ எழுதறா. டீயை நீ போடு" என்றாள். "இப்பவா?" என்று நாத்தனார் கேட்டதற்கு, "இப்பதான்" என்று சொல்லிக் கதவை மூடினாள்.

பிறகு கட்டிலில் வந்து உட்கார்ந்து, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள்.

"அன்னிக்கு எழுதினது எது? காட்டு."

மருமகள் நாலாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து காட்டினாள். மாமியார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்தாள்.

"இங்க எழுதறப்போ இருந்தாரா?"

"இருந்தாரு. அப்போ ஒரு தடவை கொட்டாவி விட்டாரு."

விரல் கீழே இறங்கியது. "இங்க?"

"போர்வையை இழுத்துக்கிட்டாரு."

"இங்க?"

"ஞாபகம் இல்ல அத்தை."

விரல் ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல் போயிற்று. பகுதிநேர மாணவர்களின் வருகை விகிதம் பற்றிய வரிகள். நூலகம் மூடும் நேரம் பற்றிய வரிகள். விடுப்பு தராத மேலதிகாரிகளைப் பற்றி ஒரு நீண்ட வாக்கியம். மாமியார் எல்லாவற்றையும் உதடசையப் படித்தாள். ஒரு வரியின் நடுவில் விரல் நின்றது.

"இந்த எடமா இருக்கும்" என்றாள்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். இரண்டாம் பருவத்துக்குப் பிறகு தொடர்பு கிடைக்காதவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்ற வரி. கைடு மேடம் இது தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று சொல்லக்கூடிய வரிதான்.

"இருக்கும் அத்தை" என்றாள்.

"அதை அழிச்சிடாத."

"இல்ல."

மாமியார் விரலை எடுத்தாள். டீத்தூளோ மாவோ, அவள் விரலில் இருந்தது ஒரு சின்னத் தடமாகத் திரையில் நின்றது. அதைத் துடைக்க முந்தானையைத் தூக்கியவள், என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டு எழுந்து அலமாரியில் கணவரின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள். மருமகள் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாவது அத்தியாயத்தின் தலைப்பை எழுதினாள்.